உப்பிலி சார் திருத்திய ஐந்து செல்போன்கள்

உலகத்தில் உள்ள எதையும் நூறு மதிப்பெண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பியவர் உப்பிலி சார். சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு, செங்கல்பட்டில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை. காலையில் மின்சார ரயில் ஏறி, பரனூரைத் தாண்டி, செங்கல்பட்டில் இறங்குவதற்குள் அன்றைய ரயிலுக்கு மார்க் போட்டு முடித்திருப்பார். நாற்பதைத் தாண்டிய ரயில் குறைவு. கோயில் புளியோதரைக்கு அறுபத்திரண்டு; மிளகு தூக்கல் என்று மூன்று குறைத்தது போக. வீட்டுக் காபிக்குத் தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் மார்க் போட்டுவந்தார். ஒரு நாள் நாற்பத்தொன்று விழுந்தது. மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நல்ல டீக்கடை எது என்று விசாரித்து வைத்திருப்பதாக அவர் மனைவி தெரிவித்தார். அதோடு அந்தத் துறையிலிருந்து உப்பிலி சார் விலகிக்கொண்டார்.

மற்ற துறைகளில் அவரை அசைக்க ஆள் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவார். பக்கத்து மேசைக்காரர்கள் வெயிலைத் திட்டிக்கொண்டும் மோருக்காகக் காத்துக்கொண்டும் திருத்துவார்கள். உப்பிலி சார் மூச்சுவிடுவதைக்கூடக் கட்டுக்குக் கட்டு இடைவேளையில் வைத்துக்கொள்வார். ஜூன் மாதம் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தவர்களின் முடிவு வரும். உப்பிலி சார் திருத்திய தாளுக்கு நேராக எப்போதும் இரண்டே சொல்: மாற்றம் இல்லை. 1982-ல் தொடங்கி 2009 வரை இருபத்தேழு ஆண்டு, ஒரு மார்க்கூட மாறவில்லை. மற்றவர்கள் பேத்தி படத்தை பர்ஸில் வைத்திருப்பதுபோல இந்தச் செய்தியை அவர் வாயிலேயே வைத்திருந்தார். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் செல்போன் வந்து சேர்ந்ததற்குக் காரணம் தலைமையாசிரியர். 2006-ல் அவர் வாங்கிய போன், முதல் மழைக்கே ஜலதோஷம் பிடித்ததுபோலப் பேச ஆரம்பித்து, தீபாவளிக்குள் வாயை மூடிக்கொண்டது. எந்த போனை வாங்குவது என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் சண்டை நடந்தது. உப்பிலி சார் எழுந்து, இதற்குப் போய் ஏன் சத்தம், ஒரு வினாத்தாள் போட்டால் தீர்ந்தது என்றார்.

போட்டார். பகுதி அ, கருவி, நாற்பது மதிப்பெண். பகுதி ஆ, உள்ளே ஓடும் மென்பொருள், நாற்பது. பகுதி இ, வடிவமைப்பு, இருபது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. எந்தக் கம்பெனி என்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது. ஆகையால் போனின் பெயர் உள்ள இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் எண் எழுதப்படும். எண்ணுக்கு உரிய போன் எது என்ற ரகசியப் பட்டியல் கடைக்காரரிடம் இருக்கும். முடிவு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

முகாம் மாதிரியே ஆட்களும் அமைந்தார்கள். கருவிக்கு ஆய்வக உதவியாளர் அருணகிரி. ரசாயனத் தராசில் மில்லிகிராம் சுத்தமாக எடைபோடுவார். மென்பொருளுக்குக் கணக்கு ஆசிரியை காமு. வடிவமைப்புக்கு டிராயிங் மாஸ்டர் பத்ரி. உப்பிலி சார் முதன்மைத் தேர்வாளர். அவருடைய வேலை மேற்பார்வை, கூட்டல், சிவப்பு மையில் கையெழுத்து. அவரிடம் செல்போன் கிடையாது. திருத்துகிறவர் பரீட்சை எழுதுவதில்லை என்று அதற்கு விளக்கம் சொன்னார்.

இரண்டே வருடத்தில் உப்பிலி சார் பட்டியல் என்றால் மதுராந்தகத்திலிருந்து கோவளம் வரை வாத்தியார்கள் மத்தியில் மறுபேச்சு இல்லை என்றாகிவிட்டது. பட்டியல் ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டப்படும்; சாயங்காலத்துக்குள் கை நகல் ஊர் ஊராகப் போய்விடும். கடப்பாக்கத்துப் பள்ளியில் ஒருவர், பட்டியலில் பெயில் ஆன போனைத் தெரியாமல் வாங்கிவிட்டு, வேட்டி மடிப்புக்குள்ளேயே வைத்துப் பேசியதாகக் கேள்வி.

கடைக்காரர் யார் என்று சொல்ல வேண்டும். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜே.கே. மொபைல்ஸ். ஜே.கே. என்றால் ஜெயக்குமார். வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். இருபத்தெட்டு வயதுக்குள் ரேடியோ ரிப்பேர், எஸ்.டி.டி. பூத், ரீசார்ஜ் கடை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு செல்போனில் வந்து நின்றவர். உப்பிலி சாரிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர். படித்தவர் என்று சொல்வதில் ஜெயக்குமாருக்கு ஆட்சேபம் உண்டு. "ஒம்பதாவது வரைக்கும் ஒக்காந்துகினு இருந்தேன்" என்பார். அந்தக் கதை பிறகு வருகிறது.

2009 ஜூலையில் ஒரு புதுவகை வந்தது. பொத்தான் கிடையாது, முகம் முழுக்கக் கண்ணாடி, தடவினால் நகரும். இனி இதுதான் ஓடும் என்று கணக்குப்போட்ட ஜெயக்குமார் அதில் பதினான்கு பெட்டி வரவழைத்து அடுக்கிவிட்டார். மிச்சம் இருந்தது உப்பிலி சாரின் மார்க் மட்டும். திருத்துவதற்கு ஐந்து போன் அனுப்புவது வழக்கம். அன்றைக்குக் கடையில் கரண்ட் இல்லை. வாசலில் ரீசார்ஜுக்கு ஒரு கூட்டம். அரை இருட்டில் கண்ணாடி அலமாரிக்குள் கைவிட்டு ஐந்து போனை எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி, எண் எழுதி, மஞ்சள் பையில் போட்டு அனுப்பினார். சிம் போட வேண்டியவற்றுக்கு முந்தின நாளே போட்டிருந்தார்.

ஐந்தாம் எண், அந்தப் புது போன். நான்காம் எண்ணும் அதே போன்தான். ஆனால் போன் இல்லை. அலமாரியில் பார்வைக்கு நிறுத்தி வைக்கக் கம்பெனியே கொடுக்கும் பொம்மை. வெளிக்கூடு அச்சு அசல். திரை இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று அச்சடித்த தாள். அதில் வரிசை வரிசையாகக் குட்டிப் படங்கள், முழு டவர், முழு பேட்டரி, மணி 12.38. உள்ளே கனத்துக்கு ஒரு சின்ன இரும்புப் பட்டை. அவ்வளவுதான்.

இனி திருத்தும் கதை.

முதலில் சந்தேகப்பட்டது அருணகிரி. நியாயமாகச் சொன்னால் அந்த அறையில் சந்தேகப்பட்டது அவர் ஒருவர்தான்.

"சார், நாலாம் நம்பரு ஆன் ஆவல சார். அமுக்கி அமுக்கி கட்டவிரலு வீங்கிப்பூடுச்சி."

உப்பிலி சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஆன் ஆகிறதான்னு வினாத்தாள்ல கேட்டிருக்கோமா, அருணகிரி?"

அருணகிரி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "கேக்கல சார்."

"கேக்காத கேள்விக்கு மார்க்கைக் குறைச்சா, ஒழுங்காப் படிச்ச பையன் வயித்துல அடிக்கிற மாதிரி ஆயிடும்யா."

உண்மையில் 2006 வினாத்தாளில் அந்தக் கேள்வி இருந்தது. 'உயிர் பெறுகிறதா? (2)', 'பேச முடிகிறதா? (3)' என்று. எல்லா போனும் அவற்றில் முழு மார்க் வாங்கிவிட்டதால், தரம் பிரிக்க உதவவில்லை என்று மறுவருடமே நீக்கப்பட்டன. கேள்வி என்றால் பாதிப் பேராவது தவறாக எழுத வேண்டும் என்பது உப்பிலி சாரின் கல்விக் கொள்கை.

ஆகவே நான்காம் எண் தேர்வர் தடங்கலின்றி எழுதத் தொடங்கினார். எடை: மற்றவற்றில் பாதி; சட்டைப் பை தொங்காது; முழு மார்க். அரை மணி நேரம் கையில் பிடித்தால் சூடாகிறதா? இல்லை. கிணற்றுத் தண்ணீரைத் தெளித்ததும் பதறுகிறதா? இல்லை. ஆய்வக மேசை உயரத்திலிருந்து விழுந்தும் முகபாவம் மாறவில்லை. அடுத்து பேட்டரி. மூன்று நாள் பூட்டி வைத்து எடுத்துப் பார்த்தபோது ஒன்று, இரண்டு, மூன்றாம் எண்களில் பேட்டரிக் கோடு பாதிக்குமேல் இறங்கியிருந்தது. ஐந்தாம் எண் சார்ஜருக்கு அழுதுகொண்டிருந்தது. நான்காம் எண்ணில் முதல் நாள் இருந்த கோடு அப்படியே இருந்தது. அருணகிரி, தன் மனசாட்சியை மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, பத்துக்குப் பத்து போட்டார். பொத்தான் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் நான்கு, ஐந்து ஆகிய இரண்டு தேர்வர்களும் விடை எழுதவில்லை. கருவியில் நான்காம் எண் முப்பத்து மூன்று. ஐந்தாம் எண் பதினான்கு.

காமு டீச்சரிடம் பகுதி ஆ போனது. கணக்கு டீச்சர் இல்லையா, திரையில் படங்கள் நாலுக்கு ஐந்தாகக் கச்சிதமாக அடுக்கப்பட்டிருந்தது அவருக்குப் பிடித்தது. தேவையில்லாத செய்தி, மணியோசை எதுவும் வந்து தொந்தரவு செய்ததா என்பது அடுத்த கேள்வி. இரண்டு பாடவேளை மேசைமேல் இருந்தும் நான்காம் எண் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்று காமு டீச்சர் குறிப்பு எழுதினார். கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்தது மதிய உணவு மணி அடிக்கும் நேரம், 12.40. இரண்டு நிமிடப் பிழை. அரை மார்க் குறைத்தார். உப்பிலி சார் அதை முழு எண்ணாக்கிக் கொடுத்தார். தடவினால் நகரவில்லையே என்ற இடத்தில் டீச்சர் கொஞ்சம் தயங்கினார். படங்கள் இருக்கின்றன, ஆகவே விடை எழுத முயன்றிருக்கிறார் என்று கொள்ளலாம், முயன்றவருக்குப் பாதி மார்க் உண்டு என்று முதன்மைத் தேர்வாளர் வழிகாட்டினார். மொத்தம் இருபத்திரண்டு.

ஐந்தாம் எண்ணின் நடத்தை வேறு மாதிரி. கையில் எடுத்த நிமிடமே கீச்சென்று கத்தி, ஏதோ காலர் டியூனுக்கு ஆள் சேர்த்தது. ஒரு படத்தைத் தொட்டால் வேறு படம் திறந்தது. எதையாவது அழிக்கப் போனால், நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டது. தேர்வர் தேர்வாளரைக் கேள்வி கேட்கும் வழக்கம் இந்தக் கல்வி மாவட்டத்தில் இல்லை என்று உப்பிலி சார் ஐந்து மார்க் குறைக்கச் சொன்னார். ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமை செய்முறைத் தேர்வு. ஐந்து போனையும் எடுத்துக்கொண்டு நால்வரும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனார்கள். கடற்கரை வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்ப்பதும் வடிவமைப்பில் சேரும். ஐந்தாம் எண்ணின் கண்ணாடியில் பத்ரி மாஸ்டரின் முகம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து அவரே திருப்தி அடையவில்லை. நான்காம் எண், உச்சி வெயிலிலும் ஓவியம் மாதிரி தெளிவாக இருந்தது. ஓவியம்தானே, தெரியாதா. அங்கே சுண்டல் விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மா என்பவர், இரண்டையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்று செத்துக்கிடக்கிறதே என்று சொன்னார். அவர் தேர்வுக் குழுவில் இல்லாததால் கருத்து பதிவு செய்யப்படவில்லை.

அங்கேதான் பத்ரி மாஸ்டர் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தார். நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே வளைவு. படங்கள்கூட ஒரே வரிசை. அவர் டிராயிங் மாஸ்டராக இருந்தது வீண்போகவில்லை. உப்பிலி சார் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார். கடைக்காரருக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். நான்கு பேர் கையில் ஐந்து போன் இருந்தது. ஆனால் இருபத்தேழு வருட அனுபவம் வேறு ஒன்றைச் சொன்னது. இரண்டு தாள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம்? ஒருவன் பார்த்து எழுதியிருக்கிறான். எவன்? மார்க் குறைந்தவன்தான். நன்றாக எழுதுகிற பையனுக்குப் பார்த்து எழுத வேண்டிய அவசியம் என்ன? ஐந்தாம் எண்ணின் பகுதி இ-யில் ஐந்து மதிப்பெண் பிடிக்கப்பட்டது. ஓரத்தில் சிவப்பு மையில், 'காப்பி அடித்திருக்கிறார்'.

திங்கட்கிழமை பட்டியல் பலகையில் ஏறியது. நான்காம் எண்: 33, 22, 16, கூடுதல் 71. இதுவரை எந்த போனும் அறுபதைத் தாண்டியதில்லை. ஐந்தாம் எண்: 14, 9, 11, கூடுதல் 34. பெயில்.

ஜே.கே. மொபைல்ஸில் ரகசியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்த ஜெயக்குமார், முதலில் தன்னுடைய கையெழுத்தைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு அலமாரியைப் பார்த்தார். பொம்மை நின்ற இடத்தில் தூசி சதுரமாக இருந்தது. சந்தோஷம்தான் வந்தது. பொம்மையோ நிஜமோ, மாடல் ஒன்று. எழுபத்தொன்று வாங்கிய மாடல். பதினான்கு பெட்டியும் வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும்.

ஒன்றுகூடப் போகவில்லை. வாத்தியார்கள் வந்தார்கள், பட்டியலோடு வந்தார்கள். நான்காம் எண்ணைக் காட்டு என்றார்கள். ஜெயக்குமார் புதுப் பெட்டியைப் பிரித்து நீட்டினார். கையில் பிடித்தார்கள், சூடாயிற்று. கீச்சென்று ஒரு விளம்பரம் வந்தது. இது ஐந்தாம் எண் இல்லையா, பெயிலானதை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஜெயக்குமார் சத்தியம் செய்தார். ஒன்று எழுபத்தொன்று, இன்னொன்று முப்பத்து நான்கு, எப்படி ஒன்றாகும் என்று ஒரு கணக்கு வாத்தியார் கரும்பலகைக் குரலில் விளக்கினார். அதற்குள் ஐந்து போனும் இருந்த மஞ்சள் பை பள்ளியிலிருந்து திரும்பி வந்திருந்தது. தலைமையாசிரியரே நேரில் வந்து, பொம்மையை எடுத்துத் தூக்கிப் பார்த்து, ஆகா இதுதான், என்ன லேசு, இதையே பில் போடு என்றார். அது வேலை செய்யாது சார் என்று ஜெயக்குமார் சொன்னதற்கு, அதையெல்லாம் உப்பிலி பார்த்துவிட்டார் என்று பதில் வந்தது.

எட்டு நாள் பொறுத்துப் பார்த்தார் ஜெயக்குமார். ஒன்பதாவது நாள், நாலேகால் மணிக்கு, பள்ளி விட்ட பிறகு, மஞ்சள் பையும் ஒரு வெள்ளைத்தாளுமாக ஆசிரியர் அறைக்குள் வந்தார். உப்பிலி சாரும் காமு டீச்சரும் பத்ரி மாஸ்டரும் இருந்தார்கள். அருணகிரி பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே யார் வந்தது என்று பார்த்ததும் பூட்டுவதை நிறுத்தினார்.

"மனு சார்" என்றார் ஜெயக்குமார். "மறுகூட்டலுக்கு."

அந்த அறையில் அந்தச் சொல்லை உப்பிலி சாரிடம் நேராக யாரும் சொன்னதில்லை. அவர் மனுவை வாங்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இரண்டு இருந்தது. வட்டம் போட்டார். பிறகு, மாற்றம் ஏதும் இருக்காது என்று சாந்தமாகச் சொன்னார்.

ஜெயக்குமார் இரண்டு போனையும் மேசைமேல் வைத்து பிளாஸ்திரியை உரித்தார். ஒரே பெயர். நான்காம் எண்ணைக் கவிழ்த்து நகத்தால் முதுகை நெம்பினார். இரும்புப் பட்டை டணங்கென்று வருகைப் பதிவேட்டின்மேல் விழுந்தது. முன்பக்கம் தாள் ஒரு ஓரத்தில் பிரிந்து சுருண்டுகொண்டது. மணி 12.38-ஆகவே இருந்தது.

"நான்தான் சொன்னேனே சார்" என்றார் அருணகிரி, பீரோவைப் பார்த்தபடி.

பத்ரி மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் போய் இருமினார். உப்பிலி சார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த இரும்புப் பட்டையையே பார்த்தார். இப்போது ஒரு மார்க்கை மாற்றினாலும் நாளைக்கு மதுராந்தகத்தில் தெரியும், நாளன்றைக்குக் கோவளத்தில் தெரியும். இருபத்தேழு வருடம். கடைசியில் அவருடைய அனுபவம் அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. முகம் தெளிந்தது.

"இது ஆள்மாறாட்டம். ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் எழுதியிருக்கான். ரெண்டு பேர் ரிசல்ட்டையும் நிறுத்தி வெச்சுடலாம். விதி இருக்கு. மார்க் மாறாது."

"எனுக்கு நிறுத்தறதெல்லாம் வாணாம் சார்" என்றார் ஜெயக்குமார். "தொண்ணூத்தாறுல ஒரு தபா நிறுத்தினீங்க. அப்பவும் முப்பத்தி நாலுதான்."

பத்ரி மாஸ்டரின் இருமல் நின்றது.

1996-ல் நடந்தது சின்ன விஷயம். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது என்பதற்காக ஒன்பதிலேயே களை எடுப்பது அந்தப் பள்ளியின் விவசாய முறை. அறிவியலில் ஜெயக்குமார் முப்பத்து நான்கு. அவருடைய அப்பா காசிநாதன், வயல் வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, இதே மேசைக்கு முன்னால் நின்று, ஒரு தடவை கூட்டிப் பார்க்கும்படி கேட்டார். உப்பிலி சார் தாளை எடுத்துக் கூட்டினார். கடைசியில் நூலால் கட்டியிருந்த கூடுதல் தாளின் பின்பக்கம், ஒரு குடுவைப் படம், பக்கத்தில் அவரே போட்ட டிக், ஒரு மார்க். முதல் பக்கக் கட்டத்தில் அது ஏறவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், பதினான்காவது வருடமாகத் தவறே இல்லாத ஆசிரியர் என்று பிரேயரில் அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கைதட்டியிருந்தார்கள். உப்பிலி சார் தாளை மூடினார். மாற்றம் இல்லை என்றார். காசிநாதன் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெயக்குமார் அடுத்த மாதம் ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தார்.

அந்தக் குடுவைப் படத்தைப் பார்த்த இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அன்றும் அதே நாற்காலி, காமு டீச்சர். பதின்மூன்று வருடமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவுமில்லை. கேட்காத கேள்வி.

ஜெயக்குமாருக்கு அந்தப் படம் நினைவிருந்தது. "குடுவ ஒண்ணு போட்டேன் சார். கார்க்கு, டியூபு எல்லாம் போட்டு பேரு எழுதினேன். எங்க நைனா சொல்லும், படம் போட்டா மார்க்கு குடுத்திருப்பாரே, சாரு கூட்டிப் பாத்துட்டாரு, இல்லன்ட்டாரு, நீதான் பொய் சொல்றன்னு. சாவற வரைக்கும் அப்டிதான் நெனச்சிகினு இருந்துச்சி." பிறகு, வியாபாரக் குரலுக்குத் திரும்பிவிட்டார். "அத்த வுடுங்க. பதினாலு செட்டு கீது சார் கடையில. வுயிரோட கீறதுக்கு முப்பத்தி நாலு, பொணத்துக்கு எழுபத்தி ஒண்ணு. இன்னா சார் நாயம் இது?"

உப்பிலி சார் எழுந்தார். பலகைக்குப் போய்ப் பட்டியலை உரித்தெடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் கைவிட்டார். சிவப்புப் பேனா இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் கை அதை எடுக்கவில்லை. தேடுகிறவர்போலத் தடவிக்கொண்டே இருந்தார். காமு டீச்சர் தன்னுடைய சிவப்புப் பேனாவைத் திறந்து மேசைமேல் உருட்டிவிட்டார்.

உப்பிலி சார் ஐந்தாம் எண்ணுக்கு நேராக விரல் வைத்துக் கூட்டினார். உதடு அசைந்தது. இன்னொரு தடவை கூட்டினார். 34-ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 35 என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில், 'கூட்டல் பிழை. திருத்தப்பட்டது.'

பத்ரி மாஸ்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மனத்துக்குள் கூட்டிவிட்டார். "பதினாலும் ஒம்பதும் பதினொண்ணும் முப்பத்தி நாலுதானே சார்? கூட்டல் சரியா இருக்கே."

"பிழை இருக்கு" என்றார் காமு டீச்சர். "நான் பாத்திருக்கேன்."

கணக்கு டீச்சர் சொன்ன பிறகு டிராயிங் மாஸ்டர் என்ன பேசுவது.

எழுபத்தொன்றை உப்பிலி சார் தொடவில்லை. அதில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. ஐந்தாம் எண்ணின் ஓரத்தில் 'காப்பி அடித்திருக்கிறார்' என்பதும் அப்படியே இருந்தது. திருத்தம் ஒரே ஒரு மார்க்தான். பட்டியலை மேசைமேல் ஜெயக்குமார் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

ஜெயக்குமார் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பாஸ் மார்க். பதினான்கு பெட்டிக்கும் போதும். விரலை அந்த 35-இன்மேல் வைத்து, மை காய்ந்ததா என்று பார்ப்பதுபோலத் தொட்டார். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"கையெழுத்து போடுங்க சார். மார்க்கு மாத்தினா கையெழுத்து வோணும் இல்ல?"

உப்பிலி சார் போட்டார். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாததால் எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. அதற்குக் கீழே தேதி எழுத வேண்டும். பேனாவைத் தாள்மேல் நிறுத்தினார். சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்க்காமல் ஜெயக்குமாரைப் பார்த்தார்.

"தேதி என்ன போடட்டும்?" என்றார்.

ஜெயக்குமார் பொம்மையை எடுத்து, இரும்புப் பட்டையை உள்ளே வைத்து, முதுகை அழுத்தி மூடினார்.

"இன்னிக்குத் தேதியே போடுங்க சார்" என்றார். "பழசு போட்டா, கடையில எவனும் நம்ப மாட்டான்."